உள்ளங்கையில் அடங்கும் வயதில் வாங்கியது

ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லிப் பழகிய ஊரில் இன்று ஆமையைக் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். வண்ணமீன் கடையில் ஒரு பிளாஸ்டிக் கிண்ணம், நடுவில் ஒரு பிளாஸ்டிக் தென்னை மரம், அதன் அடியில் இரண்டு பச்சை ஆமைக் குஞ்சுகள். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியவை. கண்ணுக்குப் பின்னால் குங்குமத்தால் இழுத்ததுபோல ஒரு சிவப்புக் கோடு. கழுத்தை நீட்டி நம்மைப் பார்க்கும். வாஸ்துவுக்கு நல்லது, பராமரிப்பே கிடையாது, ஒரு டப்பா தீனி போதும் என்பார் கடைக்காரர். குழந்தை அடம்பிடித்தால் ஐந்து நிமிடத்தில் பேரம் முடிந்துவிடும்.

இந்த ஈர்ப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. நாயும் பூனையும் நம் முகம் பார்த்து நடக்கப் பழகியவை. ஆமையும் பாம்பும் இகுவானா என்ற பெரிய பல்லியும் அப்படியல்ல. நம்மைப் பொருட்படுத்தாத ஓர் உயிர், வேறொரு மண்ணின் வெயிலுக்கும் மழைக்கும் வடிவெடுத்த உடலோடு, நம் அறையில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றுவது இயல்பு. விலங்குகளை ஆராயும் பலருக்கும் முதல் விதை இப்படித்தான் விழுகிறது. என் கவலை ஆசையைப் பற்றியது அல்ல. எந்த விலங்கு நம் மனதுக்கு நெருக்கமாகப் படுகிறதோ, பெரும்பாலும் அதுதான் வீட்டுக்குள் அதிகம் சீரழிகிறது. பேசும் கிளி, விரலைப் பற்றும் குட்டிக் குரங்கு, உள்ளங்கையில் உட்காரும் ஆமைக் குஞ்சு. நாம் எட்டி நின்று பயப்படும் பாம்புதான் இந்த வரிசையில் ஓரளவு தப்பிக்கிறது. ஏன் என்று சொல்ல ஆமையிலிருந்து தொடங்குவதே சரி.

கடைக் கிண்ணத்தில் இருக்கும் இந்தச் சிவப்புக் காது ஆமையின் சொந்த இடம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. லூசியானா மாநிலத்துப் பண்ணைகளில் முட்டை பொரித்து உலகெங்கும் அனுப்புகிறார்கள். குஞ்சுகளை வாயில் வைத்த குழந்தைகள் சால்மொனெல்லா கிருமியால் நோயுற்றதால், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவாக உள்ள ஆமைகளைச் செல்லப்பிராணியாக விற்க 1975-இல் அமெரிக்கா தடை விதித்தது. ஏற்றுமதிக்கு அந்தத் தடை இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1997-இல் இறக்குமதியை நிறுத்தியது. நம் கடைகளில் கிண்ணத்தில் நீந்துவது அந்த 4 அங்குலத்துக்கும் கீழே உள்ள குஞ்சுதான்.

3 செ.மீ. குஞ்சு, பெண்ணாக இருந்தால், 25 முதல் 30 செ.மீ. வரை வளரும். ஆண் கொஞ்சம் சிறியது. நன்றாக வைத்துக்கொண்டால் 30 ஆண்டுகள்கூட வாழும். ஆமை வளர்ப்பவர்களின் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஓட்டின் நீளத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் தண்ணீர். 10 அங்குல ஆமைக்கு 400 லிட்டர். தண்ணீர் மட்டும் 400 கிலோ. அடுக்குமாடி வீட்டுப் பால்கனியில் இதை வைக்கலாமா என்பதைக் கட்டடம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் தரும் கிண்ணம் 2 லிட்டர்கூடக் கொள்ளாது.

இவ்வளவு தண்ணீர் எதற்கு என்றால், இந்த ஆமைக்கு உமிழ்நீர் சுரப்பது போதாது. தண்ணீருக்குள் தலை இருந்தால்தான் விழுங்க முடியும். தின்பதும் கழிப்பதும் ஒரே தண்ணீரில். கழிவு அம்மோனியாவாக மாறும். அது கண்ணை எரிக்கும், தோலையும் ஓட்டையும் அரிக்கும். மீன் தொட்டிக்குப் போடும் சிறிய ஃபில்டர் ஆமைக்கு எடுபடாது. தொட்டியின் கொள்ளளவைப்போல் இரண்டு மூன்று மடங்குத் தண்ணீருக்கானது என்று குறிப்பிட்ட, தொட்டிக்கு வெளியே வைக்கும் கேனிஸ்டர் ஃபில்டர் வேண்டும். அதிலுள்ள நல்ல பாக்டீரியா நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும். ஸ்பாஞ்சைக் குழாயடியில் அலசுவது பலரும் செய்யும் தவறு. குழாய்த் தண்ணீரிலுள்ள குளோரின் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில்தான் அலச வேண்டும். வாரம் ஒருமுறை கால் பங்கு முதல் பாதி வரை தண்ணீர் மாற்ற வேண்டும். அந்த வேலையைப் பாத்திரம் தேய்க்கும் சிங்க்கில் செய்யவே கூடாது. சால்மொனெல்லா ஆமைக்கு எந்தத் தொல்லையும் தராமல் அதன் குடலில் இருக்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது மருத்துவமனை வரை கொண்டுபோகும் நோய்.

அடுத்தது தீனி. டப்பாவில் வரும் காய்ந்த இறால் ஆமைக்கு நொறுக்குத் தீனி, சாப்பாடு அல்ல. அதை மட்டும் தின்று வளரும் குஞ்சுக்கு வைட்டமின் ஏ குறைந்து இமைகள் வீங்கிக் கண் மூடிக்கொள்ளும். கண் தெரியாததால் தின்னாது, தின்னாததால் இன்னும் மோசமாகும். வீட்டில் இதை 'தூங்குகிறது' என்று நினைத்துக்கொள்கிறார்கள். நல்ல ஆமைத்தீனி உருண்டை, ஆமையின் தலை அளவுக்கு. குஞ்சுக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒருநாள் விட்டு ஒருநாள். கூடவே கீரையும் வாத்துப்பாசியும் எவ்வளவு தின்றாலும் நல்லது. ஆமை சாய்ந்தபடி நீந்தினாலோ, மூக்கில் குமிழி வந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ நுரையீரலில் சளி. அதற்கு ஊசி மருந்துதான்.

பெண் ஆமை துணையே இல்லாமலும் முட்டையிடும் என்பதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. வளர்ந்த பெண்ணுக்கு 20, 30 செ.மீ. ஆழத்துக்கு ஈரமண் வேண்டும். தோண்ட இடமில்லாவிட்டால் முட்டையை உள்ளேயே தேக்கிவைத்துச் செத்துப்போகும். ஏழெட்டு ஆண்டு நன்றாக இருந்த ஆமை காரணமே தெரியாமல் இறந்தது என்று சொல்லப்படுபவற்றில் இதுவும் ஒன்று.

இனி வெளிச்சம். ஊர்வன வளர்ப்பில் அதிக உயிர்களைக் குடிப்பது இந்த ஒரு விஷயத்தில் உள்ள அறியாமை. சூரிய ஒளியில் 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள புற ஊதாக் கதிர், யுவிபி, தோலில் பட்டால்தான் ஆமையும் இகுவானாவும் வைட்டமின் டி3 செய்துகொள்ளும். டி3 இல்லாமல் எவ்வளவு கால்சியம் தந்தாலும் குடல் உறிஞ்சாது. இரத்தத்துக்கு வேண்டிய கால்சியத்தை உடல் எலும்பிலிருந்தே உருவும். ஆமைக்கு ஓடு அமுங்கும். இகுவானாவுக்குத் தாடை ரப்பர்போல வளையும், கால் எலும்பு வீங்கித் தடிக்கும். 'கொழுகொழுவென்று இருக்கிறது' என்று மகிழ்ந்து படம் எடுத்துப் போடுகிறார்கள். அது சதை அல்ல, சுண்ணாம்பு இழந்த எலும்பைச் சுற்றி உடல் கட்டும் நார்.

ஜன்னல் கண்ணாடி யுவிபி கதிரைத் தடுத்துவிடும். ஜன்னலோரம் வைத்த தொட்டிக்கு வெப்பம் கிடைக்கும், யுவிபி கிடைக்காது. காலை 7 மணி இளவெயிலிலும் அது மிகக் குறைவு. சென்னையில் 9 மணியிலிருந்து பத்தரை வரையுள்ள வெயில் சரியானது. ஆனால் பாதி இடத்தில் நிழல் இருந்தே ஆக வேண்டும். சிறு கிண்ணத்தில் வைத்து மொட்டை மாடியில் விட்டு மறந்தால் கால் மணி நேரத்தில் வெந்துபோகும். வெயிலில் வைக்க வழியில்லை என்றால் டி5 வகை நீளக்குழல் யுவிபி விளக்கு, விலங்கின் முதுகிலிருந்து 30, 40 செ.மீ. உயரத்தில், இடையில் கண்ணாடி இல்லாமல், தினமும் 10 முதல் 12 மணி நேரம். 12 மாதத்தில் குழலை மாற்றிவிட வேண்டும். ஓராண்டுக்குப் பின்னும் அது பளிச்சென்று எரியும்; நம் கண்ணுக்குத் தெரியாத யுவிபி மட்டும் அதில் தீர்ந்திருக்கும்.

இகுவானாவைப் பொறுத்தவரை நம் தட்பவெப்பம் ஒரு சலுகை. ஈரப்பதமும் வெப்பமும் அதற்குப் பிடித்தவை. இலை மட்டுமே தின்னும் பிராணி அது. முருங்கைக்கீரையும் அகத்தியும் செம்பருத்தி இலையும் இங்கே தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. முருங்கையில் பாஸ்பரஸைவிடக் கால்சியம் பலமடங்கு என்பதால் அதைவிட நல்ல அடிப்படைத் தீனி கிடையாது. பாலக், முளைக்கீரை இரண்டிலும் ஆக்சலேட் அதிகம். கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், தினசரித் தீனியாக ஆகாது. சீக்கிரம் வளரட்டும் என்று முட்டையும் கோழிக்கறியும் தருகிறார்கள். வளரவும் செய்யும்; பிறகு சிறுநீரகம் கெட்டுச் சாகும். ஒழுங்காக வளர்ந்த ஆண் வால் நுனிவரை ஒன்றரை மீட்டரைத் தாண்டும். அதற்கு 2 மீட்டர் உயரமுள்ள கூண்டு, அதாவது ஓர் அறையின் கால் பங்கு. இனப்பெருக்கக் காலத்தில் ஆண் இகுவானா தன்னை வளர்த்தவரையே எதிரியாகப் பார்க்கும்; கடித்தால் தையல் போட வேண்டிவரும். விரல் நீளக் குட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்க ஆசைப்பட்டவர் மூன்றாம் ஆண்டில் இதைச் சந்திக்கிறார்.

பாம்பு இந்தக் கணக்கில் மாறுபடுகிறது. பால் பைத்தான், அதாவது பந்துபோலச் சுருண்டுகொள்ளும் சிறிய மலைப்பாம்பு, மேற்கு ஆப்பிரிக்கப் புல்வெளியில் எலி வளைக்குள்ளும் கறையான் புற்றுக்குள்ளும் நாளின் பெரும்பகுதியைக் கழிக்கும் பாம்பு. 90 முதல் 150 செ.மீ. நீளம். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலமுள்ள பெட்டி, இருபுறமும் உடம்பு சுவரில் உரசும் அளவுக்கு இறுக்கமான மறைவிடம் ஒவ்வொன்று. சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. மறைவிடம் ஒன்றே ஒன்று இருந்தால், பயத்தில் அதற்குள்ளேயே கிடந்து தனக்கு ஒவ்வாத வெப்பத்தைத் தாங்கிக்கொள்ளும், அதனால்தான் இரண்டு. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அடியில் விரிக்கும் ஹீட் மேட் வயிற்றைச் சுட்டுப் புண்ணாக்கும். கீழிருந்து சுடும்போது விலகிப் போக வேண்டும் என்ற உணர்வு பாம்புக்குச் சரியாக எழுவதில்லை. நம் ஊரில் மே மாதம் ஹீட் மேட்டே வேண்டாம், பெட்டி 35 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. குட்டிக்கு அதன் எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு எடையுள்ள எலி வாரம் ஒன்று; வளர்ந்தபின் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒன்று. உயிருள்ள எலியைப் போட்டால் அது பாம்பைக் கடித்துக் குதறிவிடும். உறையவைத்த எலியை வெந்நீரில் உடல்சூட்டுக்குக் கொண்டுவந்து இடுக்கியால் நீட்டுவதே முறை. வீட்டு ஃப்ரீசரில் எலி இருப்பதை எல்லோரும் ஒப்புக்கொள்ளாத குடும்பத்தில் இந்தப் பேச்சே எடுக்க வேண்டாம். 20, 30 ஆண்டுகள் இப்படி எலிகளை வாங்குவதும் அறத்தின் கணக்கில்தான் சேரும்.

இதையெல்லாம் ஒருவர் நிதானமாகச் செய்தால் அந்தப் பாம்பு நன்றாகவே வாழ்கிறது என்பது என் எண்ணம். அதற்குத் துணை தேவையில்லை, பாராட்டு தேவையில்லை. நம்மைத் தேடாது. அதன் தேவைகளைத் தெர்மாமீட்டராலும் தராசாலும் அளக்க முடியும். அறக்கேடு இங்கே வேறு வழியில் நுழைகிறது. தோலின் நிறத்துக்காக இனக்கலப்புச் செய்ததில் 'ஸ்பைடர்' என்றொரு வகை பரவியிருக்கிறது. அந்த நிறத்தோடு மரபணுவிலேயே ஒட்டிவரும் நரம்புக் குறைபாட்டால் தலை ஆடிக்கொண்டே இருக்கும், இரையைக் குறிபார்க்கத் தடுமாறும். அழகுக்காக அதைத் தெரிந்தே வாங்குவதை எந்த விளக்கமும் நியாயப்படுத்தாது.

கிளிக்கு வருவோம். மீனாட்சியின் கையில் கிளி, மதுரைக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒரு மண்டபமே உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கையிலிருக்கும் கிளி தினந்தோறும் இலைகளால் புதிதாகக் கட்டப்படுவது. எனக்கு அந்தக் கிளிதான் எப்போதும் பிடிக்கும். உயிருள்ள கிளியை வீட்டில் வைக்கும் ஆசை நமக்குப் பழையது. இப்போது அந்த ஆசை ஆப்பிரிக்கன் கிரே என்ற சாம்பல் நிறக் கிளி மேல் திரும்பியிருக்கிறது, சொன்னதைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லும் என்பதால்.

ஐரீன் பெப்பர்பெர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977-இல் ஒரு கடையிலிருந்து அலெக்ஸ் என்ற கிரே கிளியை வாங்கி, 2007-இல் அது இறக்கும்வரை பயிற்சி தந்தார். நிறம், வடிவம், பொருள், எண்ணிக்கை எல்லாவற்றையும் அது பெயர் சொல்லிப் பிரித்தது. வீட்டில் வளர்க்க ஆசைப்படுபவர்கள் மேற்கோள் காட்டுவது இந்த அலெக்ஸைத்தான். அதைச் சுற்றி நாளெல்லாம் ஆட்கள் இருந்தார்கள், கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்வதில்லை. காட்டில் கூட்டமாகப் பறந்து, கூட்டமாக அடையும் பறவை இது. அப்படிப்பட்ட மூளையோடு காலை 9 முதல் மாலை 7 வரை பூட்டிய வீட்டில் தனியாக இருந்தால் அது தன் இறகைத் தானே பிடுங்க ஆரம்பிக்கும். முதலில் மார்பு, பிறகு தொடை, சிலவற்றில் தோலையே கிழித்துக்கொள்ளும். தோல் மருந்து, காலர் எதுவும் அதை நிறுத்தாது, ஏனென்றால் நோய் தோலில் இல்லை. பாம்பின் துன்பத்தை ஒரு கருவி வாங்கித் தீர்க்கலாம். கிளியின் துன்பத்தைத் தீர்க்க வாங்கக் கூடிய கருவி கிடையாது. 40, 50 ஆண்டு வாழும் பறவை என்பதால் 35 வயதில் வாங்குபவர் தனக்குப் பின் அது யாரிடம் போகும் என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தே ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சூரியகாந்தி விதை மட்டும் தின்றால் கல்லீரலில் கொழுப்பும் வைட்டமின் ஏ குறைவும் வரும். கிரே கிளிக்கு மட்டும் இன்னொரு பலவீனம், இரத்தத்தில் கால்சியம் திடீரென்று இறங்கி வலிப்பு வருவது. பெல்லட் என்ற உருண்டைத் தீனி பாதிக்கு மேல், மீதி முருங்கைக்கீரை, கேரட், பூசணி, குடமிளகாய். அவகாடோ நஞ்சு. அடுப்பில் வெறுமனே காயும் நான்ஸ்டிக் தோசைக்கல்லிலிருந்து வரும் ஆவி, நமக்கு ஒன்றும் தெரியாத அளவில், பக்கத்து அறையிலிருக்கும் கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். காற்றறைகள் வழியாக ஓடும் பறவையின் மூச்சு, காற்றிலுள்ள நஞ்சை நம்மைவிட வேகமாக இழுத்துக்கொள்கிறது. அந்த வீட்டில் நான்ஸ்டிக் பாத்திரமே இருக்கக் கூடாது. சாம்பிராணி, கொசுவத்திச் சுருள், சாம்பிராணிக்குப் பதில் ஏற்றும் நறுமண மெழுகுவத்தி எதுவும் கூண்டு இருக்கும் அறையில் வேண்டாம். இரவு 10 முதல் 12 மணி நேரம் இருட்டு, அமைதி. டிவி ஓடும் கூடத்தில் கூண்டை வைத்தால் இது நடக்காது.

தானாகத் தின்னப் பழகாத கிளிக்குஞ்சை 'ஹேண்ட்ஃபீடிங்' என்று சொல்லி, மாவும் சிரிஞ்சும் சேர்த்து விற்பதைக் கண்டிப்பாக ஒழிக்க வேண்டும். ஊட்டினால்தான் ஒட்டும் என்பது விற்பதற்காகச் சொல்வது. மாவுக்கூழ் 39 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 43-ஐத் தாண்டினால் தீனிப்பை உள்ளே வெந்து, ஒரு வாரம் கழித்து ஓட்டை விழுந்து கூழ் மார்பு வழியே வெளியே வரும். ஆறிப்போனால் செரிக்காமல் புளித்துவிடும். சிரிஞ்சை வாயின் தவறான பக்கத்தில் வைத்தால் கூழ் மூச்சுக்குழாயில் போய் அங்கேயே சாகும். பழகிய கைக்கே நடுங்கும் வேலையை முதன்முறை வாங்குபவரிடம் தருகிறார்கள்.

மார்மோசெட் குட்டிக் குரங்கைப் பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. குடும்பமாக வாழும் விலங்கைத் தனியாகப் பிரித்து டயப்பர் கட்டி வைக்கிறார்கள். நம் உதட்டோரம் வரும் சாதாரணக் கொப்புளத்தின் ஹெர்பிஸ் வைரஸ் அதற்கு உயிர்கொல்லி. முத்தம் கொடுத்தே கொன்றுவிடலாம். ஒரு வீட்டிலும் இருக்கக் கூடாத விலங்கு. சமூக ஊடகத்தில், கிச்சுகிச்சு மூட்டினால் கையைத் தூக்குகிறது என்று ரசிக்கப்படும் ஸ்லோ லோரிஸும் அப்படியே. கையைத் தூக்குவது முழங்கைக்கருகே உள்ள நஞ்சுச் சுரப்பியை நக்கிக் கடிக்கத் தயாராகும் நிலை. அதன் பங்காளியான தேவாங்கு நம் கரூர், திண்டுக்கல் பக்கத்துக் கடவூர் மலைக்காட்டில் இருக்கிறது, 2022-இல் அதற்கென்றே சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பார்க்க ஆசையென்றால் அங்கே பார்க்கலாம்.

'இது காட்டில் பிடித்தது இல்லை, பண்ணையில் பிறந்தது' என்ற வாதத்துக்கு மதிப்பு உண்டு, ஆனால் விற்பவர் நினைக்கும் அளவுக்கு இல்லை. பண்ணையில் பிறந்தது என்றால் காடு ஒன்றை இழக்கவில்லை, அவ்வளவுதான். வீட்டு விலங்காகிவிட்டது என்று பொருளல்ல. ரஷ்யாவில் 1959-இல் மரபியலாளர் பெல்யாயெவ் தொடங்கிய நரி ஆய்வில் தலைமுறைதோறும் மனிதருக்குப் பயப்படாத நரிகளை மட்டும் தேர்ந்து இனம்பெருக்கினார்கள். அப்படிக் குணத்தைக் குறிவைத்துத் தேர்ந்த பிறகே வாலாட்டும் நரிகள் வந்தன. மக்காவ் கிளியையும் இகுவானாவையும் யாரும் குணத்துக்காகத் தேர்ந்து வளர்க்கவில்லை, நிறத்துக்காகத் தேர்கிறார்கள். தேவைகள் எல்லாம் காட்டில் இருந்தபடியே இருக்கின்றன.

அதோடு, நம் சந்தையில் உள்ளவை எல்லாம் பண்ணைப் பிறப்பும் அல்ல. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் மலைப்பாம்புக் குட்டிகளும் ஆமைகளும் சிறு குரங்குகளும் சென்னை விமான நிலையத்தில் திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. துணிப்பைக்குள் பாம்பு, காலுறைக்குள் ஆமை, ஓட்டை போட்ட பிளாஸ்டிக் டப்பாவுக்குள் குரங்கு. மற்றப் பெட்டிகளோடு சரக்கறையில், தண்ணீரில்லாமல். பிடிபடாதவை கடைக்கு வருகின்றன. கடையில் ஒரு வாரம் தாங்கிய பிறகே நம்மிடம் வரும். வந்த பத்தாம் நாள் சாகும் குட்டி பெரும்பாலும் நாம் செய்த தவறால் சாவதில்லை. வழியில் தொடங்கிய சாவு நம் வீட்டில் முடிகிறது.

சட்டத்தில் பலருக்கு உள்ள குழப்பம் நம் நாட்டு விலங்கு, வெளிநாட்டு விலங்கு என்பதில். பச்சைக்கிளி, நட்சத்திர ஆமை, மண்ணுளிப் பாம்பு, நம் குளத்து ஆமைகள் எல்லாம் 1972-ஆம் ஆண்டு வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. எந்தத் தாளும் அவற்றை வீட்டில் வைக்க அனுமதி தராது. கிளி சோதிடர் கூண்டில் இருப்பதால் அது சட்டப்படி சரி என்றாகாது. வெளிநாட்டு விலங்குகளில், உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கைப் பட்டியலில் உள்ளவை, 2022 திருத்தத்துக்குப் பின் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் வந்துவிட்டன. 2024 பிப்ரவரி 28 அன்று அறிவித்த விதிகளின்படி ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு ஆறு மாதம் தந்தார்கள், அந்தக் கெடு 2024-லேயே முடிந்துவிட்டது; புதிதாகக் கைக்கு வந்தால் 30 நாள். அதற்குள் ஒன்றிய அரசின் பரிவேஷ் இணையதளம் வழியாக மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளரிடம் பதிய வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் மூன்றையும் தெரிவிக்க வேண்டும். 2020 ஜூனில் தாள் எதுவும் கேட்காமல் அறிவிக்க ஆறு மாதம் தந்தார்கள். அந்தக் கதவு மூடிவிட்டது. அதைக் காட்டி இன்றும் விற்பவரை நம்ப வேண்டாம்.

பறவை வாங்குபவர்கள் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். கிளி இனங்களில் பட்ஜி, காக்டீல், பீச் முகமுள்ள லவ் பேர்ட் ஆகியவை சைட்டிஸ் பட்டியலில் இல்லை. ஃபிஷர் லவ் பேர்ட், கோனூர், நீலமஞ்சள் மக்காவ் எல்லாம் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, பதிவு தேவை. ஆப்பிரிக்கன் கிரே 2017 ஜனவரி முதல், செம்மக்காவ் அதற்கு முன்பிருந்தே, மிகக் கண்டிப்பான முதல் பட்டியலில். அந்தப் பட்டியல் இனங்களைப் பெருக்கி விற்பவருக்குத் தனி உரிமம் வேண்டும். கேட்க வேண்டியவை உரிமத்தின் நகல், விற்பவர் பெயரில் உள்ள பதிவு, பறவையின் காலில் இணைப்பில்லாத மூடிய வளையம். குஞ்சாக இருக்கும்போது மட்டுமே பாதத்தின் வழியே நுழையும் வளையம் அது. வளர்ந்த பறவைக்கு மாட்ட முடியாது என்பதால் கூண்டில் பிறந்ததற்கு அதுவே நல்ல அடையாளம். திறந்து மூடும் வளையம் எதையும் உறுதிசெய்யாது.

வளர்க்க முடியாமல் போனவர்கள் செய்வது ஒன்றே ஒன்று: ஆமையை இரவில் கோயில் குளத்தில் விட்டுவிடுவது. புண்ணியம் என்ற நினைப்பும் அதில் கலந்திருக்கிறது. சிவப்புக் காது ஆமை குளத்தில் சாவதில்லை, நன்றாகவே பிழைக்கிறது, அதுதான் சிக்கல். நம் காராமையும் சேற்றாமையும் வெயில் காயும் கல்லையும் தீனியையும் அது பிடித்துக்கொள்ளும், தன் நோய்களைத் தரும். கேரளத்தில் இதற்கென்றே பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் பொதுமக்களிடமிருந்து இந்த ஆமைகளைப் பெற்றுக்கொள்கிறது. நம் ஊரிலும் மாவட்டத்துக்கு ஓர் இடமாவது அப்படி வேண்டும். அதுவரை குளத்துக்குப் போவதற்கு முன் வனத்துறை அலுவலகத்தையோ, ஏற்கெனவே பெரிய தொட்டி வைத்திருக்கும் வளர்ப்பவரையோ கேட்க வேண்டும்.

மொட்டை மாடி இருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. 1000 லிட்டர் பழைய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியைப் பாதிக்குச் சற்று மேலே குறுக்கே அறுத்தால் அடிப்பகுதி வளர்ந்த ஆமை ஒன்றுக்குப் போதும். தூணோ உத்தரமோ உள்ள இடத்துக்கு மேலே வைக்க வேண்டும். தண்ணீர் 45 செ.மீ. ஆழம், விளிம்பு அதற்கு மேல் 30 செ.மீ. உயர்ந்து உள்பக்கம் மடிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஏறி வெளியே விழும். ஒரு பக்கம் செங்கல் அடுக்கி, மேலே சொரசொரப்பான பலகையைச் சாய்த்துத் தண்ணீருக்கு வெளியே உலர்ந்த மேடை. பெண்ணாக இருந்தால் மேடையோடு ஒட்டி ஒரு மண் தொட்டி. பாதிக்குப் பச்சை நிழல்வலை, கோடையில் முக்கால்வாசிக்கு. தண்ணீர் 32 டிகிரியைத் தாண்ட விடக் கூடாது. காகமும் பூனையும் வராமல் மேலே கம்பிவலை, கண்ணாடி வேண்டாம். அடியில் ஒரு வடிகுழாய் வைத்து, வாரம் ஒருமுறை திறந்துவிடும் தண்ணீரை மாடித்தோட்டத்து வாழைக்கும் முருங்கைக்கும் ஊற்றலாம். தழைச்சத்து நிறைந்த தண்ணீர் அது. கீரைச் செடிக்கு மட்டும் வேண்டாம், சால்மொனெல்லா இலையில் தங்கும்.